அம்மாவுக்கு வாசிக்காத தாள்கள்

லாசால், மொன்றியல்
23.04.2006

அன்புள்ள மகள் தாட்சாயினிக்கு,

அம்மாவும் நானும் சுகம். நீ சுகமா என்று கேட்டு எழுதினால் பதில் வர மூன்று கிழமை ஆகும். அந்த மூன்று கிழமையும் சுகமாகவே இரு.

1972ஆம் ஆண்டு பருத்தித்துறையில் பத்தாம் வகுப்புக்குப் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கடல் அலை பற்றிய பாடம். நடுவில் ஒரு பிள்ளை எழும்பி, "சேர், நீங்கள் கடலுக்குள்ளை இறங்கியிருக்கிறீங்களோ?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, ஒரு கயிற்றின் முனையை அவள் கையில் கொடுத்து மறுமுனையை உதறினேன். "பார், கயிறு உன்னட்டை வரேல்லை. அசைவுதான் வந்தது. கடலும் அப்பிடித்தான்" என்றேன். நல்ல உதாரணம். முப்பத்தொரு வருடம் அதையே சொன்னேன். ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. கடல் என்னை முழங்காலுக்கு மேல் நனைத்ததில்லை.

அந்தப் பிள்ளைதான் உன் சின்னம்மா சிவமலர். அப்போது நான் அவளுடைய அக்காவைக் கலியாணம் செய்யவில்லை. உன் அம்மா எனக்கு அப்போது ஒரு மாணவியின் அக்கா புஷ்பராணி மட்டும்தான்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், ஒசாக்காவில் ஆங்கிலம் படிப்பிக்கும் ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்கு வராமல், ஒரு பழைய வான் வண்டியை வாங்கி, சிகோகு என்ற தீவைச் சுற்றி நவம்பரில் விசா முடியும்வரை அலைச்சறுக்கு விளையாடப்போகிறாய் என்று நீ எழுதியதை நான் நான்குதரம் வாசித்தேன். இங்கே ஆற்றில் நீ அதைப் பழகியதே எனக்குப் பிந்தித்தான் தெரியும்.

நீ கேட்டபடியே செய்கிறேன். ஒவ்வொரு உறையிலும் இரண்டு தாள் வை. முதலாவதை அம்மாவுக்கு வாசிப்பேன். இரண்டாவது எனக்கு மட்டும். அம்மாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. அறுவைக்கு வரிசையில் இருக்கிறா. எழுத்து ஒன்றும் தெரியாது. சிவமலரைக் கடல் கொண்டுபோய் ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. நீ கடலில் நிற்கிறாய் என்று கேட்டால் என்ன ஆவா என்று எனக்குத் தெரியாது.

பொய்க்குத் துணைபோவது எனக்குப் பழக்கமில்லை, பிள்ளை. கவனமாக இரு.

உன் சுகத்தையே எண்ணியிருக்கும்
அப்பா, தியாகராசா


டோகுஷிமாக் கரை, சிகோகு
14.05.2006

முதலாம் தாள்

அன்புள்ள அம்மா, அப்பா,

நான் நல்ல சுகம். அம்மாவின் கண் எப்படி? சொட்டு மருந்தை மறக்கவேண்டாம்.

இந்தத் தீவைச் சுற்றி எண்பத்தெட்டுக் கோயில்கள். வெள்ளைச் சட்டை போட்ட யாத்திரிகர்கள் கைத்தடியோடு நடந்து போகிறார்கள். அவர்களுக்கு எதையாவது கொடுப்பது இங்கத்தைய வழக்கம். நேற்று ஒரு அம்மா என்னையும் அப்படி நினைத்து இரண்டு தோடம்பழமும் முகம் துடைக்க ஒரு கைலேஞ்சியும் தந்தா. வேண்டாம் என்று சொல்லக்கூடாதாம். இதுவரை நான்கு கோயில் பார்த்துவிட்டேன். மூன்று நேரமும் சோறு. ஒன்றுக்கும் கவலைப்படவேண்டாம்.

அன்பு மகள் தாட்சா

இரண்டாம் தாள்

அப்பா, நான்கு கோயிலும் பொய்யில்லை. பலகையை வானில் பூட்டிவைத்துவிட்டுத்தான் போனேன்.

வான் முன்பு தோஃபு என்ற சோயாக் கட்டி விற்றது. உள்ளே இன்னும் அவித்த சோயா மணம். தோஃபுக்காரர்கள் தெருவில் ஊதும் ஊதலைத்தான் அதற்கு ஹோர்னாகப் பூட்டியிருக்கிறார்கள். ஒரு நாய் குறுக்கே வந்ததென்று அமத்தினேன். இரண்டு வீட்டிலிருந்து பெண்கள் பாத்திரத்தோடு வெளியே வந்துவிட்டார்கள். மன்னிப்புக் கேட்கிற அளவுக்கு யப்பானிய மொழி எனக்கு வரும்.

நெடுஞ்சாலையோரம் வாகனங்கள் தங்குகிற இடங்களில் படுக்கிறேன். பொதுக் குளியலறையில் குளிக்கிறேன். கடை பூட்டுகிற நேரம் பாதி விலைக்குப் போடும் சாப்பாடு வாங்குகிறேன். பயணக்காரர் கடிதங்களைத் தபால் கந்தோரில் எடுத்துவைத்திருப்பார்கள். அடுத்ததை இந்தத் தீவிலுள்ள கோச்சி நகரத் தபால் கந்தோருக்கு அனுப்புங்கள்.

மழை பெய்த இரண்டு நாளும் ஒரு சின்ன விடுதியில் தங்கினேன். அதன் சொந்தக்காரர் ஒகமோத்தோ, அறைத் திறப்பைத் தரவில்லை. "முதல் மலை, பேந்து தேத்தண்ணி" என்று சைகை காட்டி, விடுதிக்குப் பின்னாலுள்ள குன்றுக்குக் கூட்டிக்கொண்டுபோனார். 1946இல் நிலம் நடுங்கிக் கடல் ஊருக்குள் வந்தபோது அவருக்கு ஆறு வயதாம். தாய் அவரை இழுத்துக்கொண்டு ஏறிய படிகள் அவை. எந்த விருந்தாளியும் அதில் ஏறி இறங்கிய பிறகுதான் உள்ளே படுக்கலாம். இவ்வளவு கவனமான ஊரில் இருக்கிறேன். இதைக் கேட்டால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

தாட்சா


லாசால்
04.06.2006

அன்புள்ள மகளுக்கு,

இங்கே இருவரும் சுகம். உன் தோடம்பழக் கதையை அம்மா மூன்றுதரம் வாசிக்கச் சொன்னா. "என்ரை பிள்ளை கடைசியாக் கோயில் வழிக்கு வந்திட்டாள்" என்று தொலைபேசியில் எல்லோருக்கும் சொல்கிறா. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒகமோத்தோவின் மலை எனக்கு நிம்மதி தரவில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு வீட்டில் கதவுக்குக் கதவு தீயணைக்கும் சிலிண்டர் தொங்கினால், அந்த வீடு பத்திரமானது என்று நீ நினைப்பாய். அந்த வீட்டில் அடிக்கடி தீப்பிடிக்கிறது என்று நான் நினைப்பேன்.

அந்தக் குன்றுக்கு எத்தனை படி? எத்தனை நிமிடம் எடுத்தது? நீ இனிப் போகும் ஒவ்வொரு கரையிலும் அப்படி ஒரு குன்று இருக்கிறதா? இவற்றுக்குப் பதில் எழுது.

இன்னொன்று. கடல் திடீரென்று பின்வாங்கினால் நின்று பார்க்காதே. மீன் துள்ளும், நண்டு ஓடும், வடிவாகத்தான் இருக்கும். பார்க்காதே. ஓடு.

இதற்குமேல் இன்றைக்கு எழுத முடியவில்லை.

உன் நினைவோடு
அப்பா


கோச்சி
02.07.2006

இரண்டாம் தாள்

அப்பா,

உங்கள் சுகமும் அம்மாவின் சுகமும் அறிந்தேன். நான் நன்றாகக் கறுத்துப்போனேன், மற்றும்படி சுகம். முதலாம் தாளில் இருபத்தொரு கோயில் என்று எழுதியிருக்கிறேன். அதில் பதினொன்று உண்மை.

படி எத்தனை என்று எண்ணவில்லை. அடுத்த முறை எண்ணுகிறேன்.

உங்களுக்குப் பிடித்த மாதிரி ஒன்று சொல்கிறேன். மொன்றியலில் நான் பழகிய ஆற்று அலை ஒரே இடத்தில் நிற்கும். தண்ணீர்தான் அடியில் ஓடும். இங்கே தண்ணீர் நிற்கிறது, அலை ஓடுகிறது. அதனால் எல்லாவற்றையும் புதிதாகப் பழகவேண்டியிருந்தது. அலை வரும்வரை பலகையில் படுத்திருப்பேன். பின்னால் தண்ணீர் உயர்வது முதுகில் தெரியும். கைகளால் வலித்து, எழும்பி நிற்க இரண்டு மூச்சு நேரம். பத்துக்கு ஒருதரம்தான் சரிவரும்.

ஏன் இப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ரீவியில் கடல் வந்தால் அம்மா மாற்றிவிடுவா. நீங்கள் எழும்பிக் குசினிக்குப் போய்விடுவீர்கள். அந்த மார்கழிக்குப் பிறகு எங்கள் வீட்டில் கடல் என்ற சொல்லையே ஒருவரும் சொல்வதில்லை. எனக்கு அதைக் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும்போல் இருந்தது. அவ்வளவுதான்.

சின்னம்மாவைப் பற்றி நீங்கள் ஏன் ஒருநாளும் கதைப்பதில்லை? அம்மாவாவது அழுவா. நீங்கள் அதுவும் இல்லை.

அடுத்த கடிதம் நகமுரா தபால் கந்தோருக்கு. தெற்கே கரை நல்லது என்கிறார்கள்.

தாட்சா


லாசால்
23.07.2006

அன்புள்ள மகளுக்கு,

அம்மாவுக்குக் கால்வீக்கம் குறைந்துவிட்டது. எனக்கு வழமைபோல. உன் கறுப்பைப் பற்றி அம்மாவுக்கு வாசிக்கவில்லை.

சென்ற சனிக்கிழமை பாண் வாங்கத் தெருமுனைத் தெப்பனர் கடைக்குப் போனவன், அங்கே நிற்காமல் நேரே ஆற்றங்கரைக்கு நடந்துவிட்டேன். நீ பழகிய இடம் எப்படி என்று பார்க்க நினைத்தேன். தண்ணீர் கொதிக்கிற பானைபோல் இருந்தது. ஐந்தாறு பேர் பலகைகளோடு நின்றார்கள். அவர்களில் ஒரு பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். என்னைப் பார்த்து "பொன்ஜூர்" சொன்னவர், தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் தந்து, கொஞ்சம் வைத்திருங்கள் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு ஆற்றில் குதித்துவிட்டார்.

பிள்ளை, நான் அந்தக் கண்ணாடியோடு நின்றேன். அவர் ஒருதரம் தெரிந்தார். பிறகு நுரை மட்டும்தான். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அவர் வராவிட்டால் இந்தக் கண்ணாடியை நான் யாரிடம் கொடுப்பது, என்ன சொல்லிக் கொடுப்பது என்று யோசித்தேன். கை வியர்த்துக் கண்ணாடி வழுக்கியது. கடைசியில் அவர் கீழே எங்கேயோ கரையேறி, எனக்குப் பின்பக்கமாக நடந்து வந்து "மெர்சி" என்று கையை நீட்டினார். கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக் கொடுத்தேன். பாண் வாங்காமல் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் ஏச்சு வாங்கினேன்.

நீ போன நாள் தொடக்கம் நான் அந்தக் கண்ணாடியோடுதான் நிற்கிறேன். உனக்கு விளங்கட்டும் என்று எழுதினேன், குறைசொல்ல இல்லை.

படிகளை எண்ணினாயா?

உன் கடிதத்துக்குக் காத்திருக்கும்
அப்பா


லாசால்
27.08.2006

அன்புள்ள மகள் தாட்சாயினிக்கு,

நீ எங்கிருந்தாலும் சுகமாக இருக்கவேண்டும்.

ஜூலை இரண்டாம் தேதிக்குப் பிறகு உன் எழுத்து வரவில்லை. கியூஷூத் தீவுப் பக்கம் புயல் என்று பதினெட்டாம் தேதி செய்தியில் காட்டினார்கள். உலகப் படத்தில் பார்த்தேன். நகமுரா அதற்கு எதிர்க்கரை. நூலகத்தில் இருக்கும் பெண்ணிடம் சொல்லி உனக்கு மின்னஞ்சலும் போட்டேன். பதில் இல்லை. நீ கைத்தொலைபேசி வேண்டாம், செலவு என்று சொன்னபோது உன் சிக்கனத்தை மெச்சினேன். மெச்சியிருக்கக்கூடாது.

ஒரு பிழை செய்துவிட்டேன். அம்மா ஒவ்வொரு நாளும் "தபால் வந்ததோ?" என்று கேட்டா. பத்தாம் நாள் என்னால் முடியவில்லை. அன்றைக்கு வந்த கரண்ட் பில்லைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு, உன் கடிதம்போல் வாசித்தேன். மலையில் ஒரு கோயில், நீ படியேறிப் போனாய், மேலே ஒரு கிழவி உனக்குத் தேநீர் தந்தா என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு அம்மா கதிரையை எனக்குக் கிட்ட இழுத்தா. பிறகு, "திருப்பி ஒருக்கா வாசியுங்கோ" என்றா. வாசித்தேன்.

இந்தக் கடிதத்தை நகமுராவுக்கும், இதே கடிதத்தைப் பிரதி எடுத்து கோச்சிக்கும் அனுப்புகிறேன். யாராவது வாசித்தால் போதும்.

பயத்துடன்
அப்பா


நகமுரா
10.09.2006

அன்புள்ள அம்மா, அப்பா,

நான் சுகம். புயல் இந்தப் பக்கம் பெரிதாக அடிக்கவில்லை. கடிதம் பிந்தியதற்கு மன்னிக்கவும். இங்கே ஒரு பொதுக் குளியலறையில் துப்புரவு வேலை கிடைத்தது. வானை அதன் பின்னால் விடலாம். கோயில் பார்க்க நேரமில்லை. சாப்பாடு நல்லது. அம்மாவின் அறுவை எப்போது?

அன்பு மகள் தாட்சா


லாசால்
24.09.2006

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கு வாசித்தேன். அம்மா, "பிள்ளை சுகமாம் என்ன?" என்றா. "ஓம்" என்றேன். அவவுக்கு அறுவை நாளை மறுநாள்.

இந்த முறை உறையில் ஒரு தாள்தான் இருந்தது.

முப்பத்தொரு வருடம் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தினவன் நான். வகுப்பில் யார் வீட்டில் சாப்பிடாமல் வந்தது, யார் தமையனைக்கொண்டு எழுதுவித்தது என்பதெல்லாம் எழுத்தில் தெரியும். சண்முகலிங்கம் என்று ஒரு பையன் என்னிடம் படித்தான், இடக்கைக்காரன். இடக்கையால் எழுதுகிறவர்களின் உள்ளங்கை தாங்கள் எழுதினதன்மேலேயே நகர்ந்து போகும், மை இழுபடும். அவனுடைய கொப்பி முழுக்க நீல நிழல் விழுந்திருக்கும். உன் கடிதத்திலும் நிழல் விழுந்திருக்கிறது. எழுத்தெல்லாம் பின்பக்கம் சாய்ந்திருக்கிறது. நீ வலக்கைக்காரி.

உன் வலக்கைக்கு என்ன நடந்தது?

சிவமலரைப் பற்றி நீ என்னிடம் ஒன்று கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நான் சொன்னால் நீயும் சொல்லலாம்.

சிவமலர் இருந்த அதே வகுப்பு, கயிறு உதறிய அதே கிழமை. கரும்பலகையில் ஒரு வரி எழுதினேன்: ஆழிப்பேரலை யப்பான் போன்ற நாடுகளில் ஏற்படும், எமது கடலில் ஏற்படாது. ஒரு வரிதான். பாடப்புத்தகத்தில் அவ்வளவுதான் இருந்தது. எல்லோரும் எழுதினார்கள். எல்லோருடைய கொப்பியிலும் சிவப்பு மையால் சரி போட்டேன்.

2004 மார்கழி முடிய, முல்லைத்தீவில் அவளுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த றோஸ்மேரி தொலைபேசியில் சொன்னா. கடல் உள்ளே போனதும் சனம் கரைக்குப் பார்க்க வந்ததாம். யாரோ "ஓடுங்கோ" என்று கத்தினார்களாம். சிவமலர் திரும்பி, "பயப்பிடாதேங்கோ, எங்கடை கடலிலை அப்பிடி ஒண்டும் வராது" என்று சொன்னாளாம்.

இதை நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை. ஒருவருக்கும் சொல்லவில்லை. நீ யப்பானுக்குப் போகிறேன் என்று சொன்ன அன்றும் எனக்கு அந்த வரிதான் முன்னால் வந்து நின்றது.

இனி உன் முறை.

அப்பா


நகமுரா
08.10.2006

அன்புள்ள அப்பா,

இதை வலக்கையால் எழுதுகிறேன். நடுங்குகிறது, பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். அம்மாவின் அறுவை சுகமாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். இந்த முறை முதலாம் தாள் இல்லை. என்னவென்று எழுதுவதென்று தெரியவில்லை.

ஓகஸ்ட் பதினாறு. புயல் தூரத்தில் இருந்தது. ஆனால் அலை அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. நான் பார்த்ததிலேயே வடிவான அலை. ஆற்று முகத்துக்குப் பக்கத்தில் தனியாக இறங்கினேன். இரண்டாவது அலை என்னைக் கீழே போட்டது. பலகை திரும்பி வந்து மணிக்கட்டில் அடித்தது. காலில் கட்டியிருந்த கயிறு அறுந்தது. மேலே வந்தேன் என்று நினைத்தேன். அது மேலே இல்லை. எந்தப் பக்கம் மேல் என்று தெரியவில்லை, அப்பா. அதுதான் எனக்கு மறக்கமாட்டேன் என்கிறது.

வலை கழுவிக்கொண்டிருந்த இரண்டு பேர் படகில் வந்து இழுத்திருக்கிறார்கள். எனக்கு நினைவில்லை. கண் விழித்தது வைத்திய நிலையத்தில், அடுத்த நாள் மத்தியானம். கட்டிலின் தலைமாட்டில் பெயர் எழுதும் அட்டை தொங்கியது. அதில் எழுதியிருந்ததைத் தாதியிடம் வாசிக்கச் சொன்னேன். அவ வெட்கத்தோடு வாசித்தா: தோஃபு வான். அந்தக் கரையில் ஒருவருக்கும் என் பெயர் தெரியாது. என் வானைத்தான் தெரியும். கடவுச்சீட்டு வானுக்குள், வானைப் பூட்டிய திறப்பு கடலுக்குள். நான் விழிக்காமல் விட்டிருந்தால் யாருக்கு அறிவிப்பதென்று அவர்களுக்குத் தெரிந்திராது.

அதற்குப் பிறகு நான் கடலுக்குப் போகவில்லை. குளியலறைத் தொட்டியில்கூட முகத்தை நனைக்கப் பயமாக இருக்கிறது. தொட்டி கழுவுகிற வேலை எனக்கு. சிரிப்பீர்கள்.

சின்னம்மாவின் கதையை வாசித்துவிட்டு வெகு நேரம் வானில் இருந்தேன். நீங்கள் எழும்பிக் குசினிக்குப் போனதெல்லாம் இப்போது விளங்குகிறது.

கட்டுப் பிரித்துவிட்டார்கள். மாத முடிவில் பலகை எடுக்கலாம் என்று வைத்தியர் சொல்கிறார். விசா முடிய அதன்பிறகு இருபது நாள் இருக்கும். இப்படியே பயந்துபோய் வீட்டுக்கு வந்தால் இனி ஒருநாளும் இறங்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும். இறங்கினால் என்ன நடக்கும் என்று தெரியாது. நீங்கள் வேண்டாம் என்று ஒரு சொல் எழுதினால், இறங்கமாட்டேன். சத்தியம். இறங்கவா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.

தாட்சா


லாசால்
19.10.2006

சிவமயம்

அன்பு மகள் தாட்சாயினிக்கு அம்மா எழுதுவது,

எனக்கு இப்போது கண் தெரிகிறது. கதவிலக்கம் தெரிகிறது, அரிசியில் கல் தெரிகிறது. உன் அப்பாவின் முகத்தில் இவ்வளவு சுருக்கம் இருப்பதும் தெரிகிறது. உன் கை எப்படி மகள்? உழுத்தம்மா கிடைத்தால் களி கிண்டிச் சாப்பிடு, எலும்புக்கு நல்லது. அங்கே கிடைக்காது, நான் அனுப்புகிறேன்.

ஓம், எல்லாம் வாசித்துவிட்டேன். கண் தெரிந்ததும் முதல் வேலையாக உன் கடிதங்களை எடுத்தேன். உன் அப்பா வாத்தியார் அல்லவா, ஒவ்வொரு தாளுக்கும் சிவப்பு மையால் இலக்கம் போட்டு வைத்திருக்கிறார். 1அ இருக்கிறது, 2அ இருக்கிறது. "அப்ப ஆ எங்கை?" என்று கேட்டேன். மனுசன் நின்ற இடத்திலேயே இருந்துவிட்டார். உலகப் படப் புத்தகத்தில் யப்பான் பக்கத்துக்குள் வைத்திருந்தார். கடைசியாக வந்ததும் அங்கேதான் இருந்தது. தான் உனக்கு என்னென்ன எழுதினார் என்பதையும் அன்றைக்குச் சொன்னார்.

கண் தெரியாவிட்டாலும் காது கேட்கும் என்பதை நீங்கள் இருவரும் மறந்துவிட்டீர்கள். ஓகஸ்டில் அவர் கரண்ட் பில்லைப் பார்த்து உன் கடிதம் வாசித்தார். முதல் தரம் அந்தக் கோயிலுக்கு நூறு படி. திருப்பி வாசிக்கச் சொன்னேன், எழுபது படி. தேநீர் தந்த கிழவி அடுத்த தரம் கிழவனாகிவிட்டா. தபால்காரன் வரும் நேரமெல்லாம் கதவடிக்குப் போய் நிற்கிற செருப்புச் சத்தமும் கேட்டது. பிள்ளைக்கு ஏதோ நடந்துவிட்டது, இந்த மனுசன் பயந்துபோய் நிற்கிறது, நானும் கேட்டால் விழுந்துவிடும் என்று சும்மா இருந்தேன். அந்த நாட்களில் நான் நித்திரை கொண்டதாக அவர் உனக்கு எழுதியிருந்தால் அதுவும் பொய்.

கடலுக்குப் போனதற்கு எனக்குக் கோபம் இல்லை. என்னால் தாங்க முடியாது என்று நீங்கள் இரண்டு பேரும் கூடி முடிவெடுத்ததுதான் கோபம். தொலைபேசியில் எல்லோருக்கும் உன் யாத்திரையைச் சொல்லித் திரிந்தேனே. இனி அந்த மீதிக் கோயிலையும் நீ பார்த்துத்தான் ஆகவேண்டும்.

சிவமலர் கடைசியாகச் சொன்னதை றோஸ்மேரி எனக்கும் சொன்னவ. அவருக்குத் தெரியவேண்டாம் என்று நானும் மறைத்தேன். கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஒரே வீட்டில் ஒரே கதையை ஆளுக்கொரு மூலையில் வைத்திருந்திருக்கிறோம். நேற்று அவரிடம் கேட்டேன்: "அண்டைக்கு அந்தக் கரையிலை எத்தினை சனம் நிண்டது? அவ்வளவு பேரும் உங்களிட்டையோ படிச்சவை?" அன்றைக்கு அவர் சோறு இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டார்.

நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லமாட்டேன். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வா என்று சொல்லியிருப்பேன், நான் பெத்தவள்.

உன்னைப் பார்க்கக் கண்ணோடு இருக்கும்
அம்மா


லாசால்
19.10.2006

அன்புள்ள மகளுக்கு,

இது அதே உறையில் இரண்டாம் தாள். அம்மா வாசித்துவிட்டுத்தான் உறையை ஒட்டுவா.

உன் கடிதம் வந்த அன்றே "வேண்டாம்" என்று எழுதி, உறையில் போட்டு, தபால்பெட்டிவரை போனேன். பெட்டியின் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். நல்ல குளிர். எனக்குப் பின்னால் ஒரு பெண் தன் கடிதத்தைப் போடக் காத்து நின்றார். அவருக்கு வழிவிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

ஏனென்றால், சோதனைக்கு முதல்நாள் பிள்ளைகள் வந்து, "சேர், இந்தக் கேள்வி வருமோ வராதோ?" என்று கேட்பார்கள். வராது என்று சொல்கிற வாத்தியாரைத்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அந்தப் பிள்ளை அன்றிரவு நன்றாக நித்திரை கொள்ளும். கேள்வி வந்துவிட்டால் பிள்ளை உள்ளே தனியாக இருக்கும், வாத்தியார் மண்டபத்துக்கு வெளியே நிற்பார். ஒரு வரியில், உறுதியாக, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்வதற்கு இனி எனக்குத் தைரியம் இல்லை. இறங்கு என்று சொல்லவும் தெரியாது. இறங்காதே என்று சொல்லவும் தெரியாது. எனக்குப் பயம், அது மட்டும் தெரியும். என் பயம் உன் பயத்தைவிடப் பெரிது. பெரிதாக இருப்பதால் அதுதான் சரியென்று ஆகிவிடாது. நீயே கரையில் நின்று, அன்றைய தண்ணீரைப் பார்த்து முடிவெடு. வீட்டுக்கு வந்தாலும் உன்னைக் கோழை என்று இங்கே ஒருவரும் சொல்லப்போவதில்லை.

ஆனால் உன் கடிதத்தில் என்னை நித்திரை கொள்ள விடாதது அலை இல்லை, மணிக்கட்டும் இல்லை. கட்டிலில் தொங்கிய அந்த அட்டைதான்.

ஆகவே ஒன்றே ஒன்று செய்து பார். எந்தத் தண்ணீரிலும் கால் வைக்கும் முன், கரையில் நிற்கிற யாராவது ஒருவரிடம் போய் உன் பெயரைச் சொல்லி, அவருடைய பெயரையும் கேட்டுவிட்டு இறங்கு.

அப்பா